மைக்கில் மாறிப்போன கோல்

வடக்கனந்தல் இருசப்பனுக்குத் தொழில் மைக் செட்டு. கல்யாணமோ காதுகுத்தோ கட்சிக் கூட்டமோ, ஆம்ப்ளிஃபயரையும் பேட்டரியையும் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போய் இறங்கிவிடுவார். ஆனால் அந்த மனுஷனின் உயிர் எங்கே இருந்தது தெரியுமா? கச்சிராயபாளையம் மைதானத்தில், கால்பந்து லீக் நடக்கிற மாதங்களில். பெஞ்சு மேல் ஏறி நின்று, பந்து போகிற பக்கமெல்லாம் குரலை ஓடவிடுவார். யார் கோல் போட்டது என்று அவர் வாயிலிருந்து வந்தால்தான் அது கோல். லீக் செயலாளர் இளஞ்செழியனே அதைக் கேட்டுத்தான் நோட்டில் எழுதுவார். அதில் இருசப்பனுக்கு ஏகப்பட்ட பெருமை, ஒளிப்பானேன்.

எண்பத்தேழாம் வருஷம் அந்தப் பெருமையே அவர் கழுத்தைப் பிடித்தது. சம்பளத்துக்கு ஆட்டக்காரர்களை வைத்திருந்த ஒரு கரும்பு ஆலை, சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தன் டீமில் இடம் என்று அறிவித்துவிட்டது. பந்து உதைப்பதற்கு மாதச் சம்பளம்! ஊர் சும்மா இருக்குமா?

செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். ஒரு வாரம் ரோட்டில் மரங்கள் குறுக்கே கிடந்தன, பஸ் கிடையாது, எங்கே பார்த்தாலும் போலீஸ். சுட்டார்கள், செத்தார்கள் என்று தினம் ஒரு சேதி வந்தது. வேலைக்குப் போக வழியில்லாத ஆட்கள் டீக்கடையில் உட்கார்ந்து, அடுத்த ஞாயிறு கொடுக்கப்போகிற அந்தச் சிறந்த ஆட்டக்காரர் பரிசு யாருக்கு என்று மல்லுக்கு நின்றார்கள்.

"கோல்தான்யா கணக்கு. காசிநாதன் ஒம்போது, சடையன் எட்டு. முடிஞ்சிபோச்சு."

"அடப் போய்யா! பந்தக் கொண்டாந்து அவன் கால்ல வச்சது யாரு? சடையன் இல்லனா ஒம்போது எங்கேர்ந்து வரும்?"

"ஒரு மேட்ச்கூட உடாம ஆடினவனுக்குக் குடுக்கணும்."

"அப்ப கோல்கீப்பர் இன்னா பாவம் பண்ணான்?"

கடைசியில் இளஞ்செழியன் கமிட்டியைக் கூட்டி, கோல் எண்ணிக்கை ஒன்றுதான் அளவு என்று முடித்துவைத்தார். எல்லாருக்கும் விளங்கிவிட்டது, பரிசு காசிநாதனுக்கு. வடக்கனந்தலில் நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளை. இருசப்பன் மைக் செட்டுச் சாமான்களைப் போட்டு வைத்திருந்த ஷெட்டும் அவனுடைய அப்பாவுடையதுதான்.

மறியலின் ஐந்தாம் நாள் அந்த ஷெட்டு வாசலில் சடையன் வந்து நின்றான். கரியாலூர்க்காரன், மலையில் சாமை விதைக்கிற குடும்பம். அவனும் காசிநாதனும் ஒரே டீம்.

"இன்னா தம்பி, பஸ் இல்லாதப்ப நடந்தேவா வந்த?"

"ஆமாங்கண்ணே. ஒண்ணு சொல்லணும். மழ பெஞ்ச மேட்சுல ரெண்டாம் பாதியில உழுந்த கோலு நான் போட்டதுங்க."

இருசப்பன் வயரைச் சுற்றுவதை நிறுத்தினார்.

"அன்னிக்கு நான் லேட்டா வந்து வெளிய குந்திக்கினு இருந்தேன். காசிநாதனுக்குக் கால் பிசகிப்போச்சு. டீமுக்கு மொத்தமே பதினோரு சட்டதானுங்க. அவரு கழட்டிக் குடுத்த சட்டையப் போட்டுக்கினு எறங்கினேன். நீங்க மைக்ல அவரு பேரச் சொல்லிட்டீங்க. ஒரு கோலுதானேன்னு அப்ப உட்டுட்டேன். இப்ப அந்த ஒண்ணுலதான் எல்லாமே கீது."

இருசப்பனுக்கு அந்தச் சாயங்காலம் அப்படியே கண்ணுக்குள் வந்தது. கொட்டுகிற மழை, பாதிச் சனம் மரத்தடியில். சேற்றில் சறுக்கிப் போய்ப் பந்தைத் தள்ளிய கால் வெறுங்கால். காசிநாதன் பூட்ஸ் இல்லாமல் மைதானத்தில் இறங்கியதே கிடையாது. கண் பார்த்தது. பார்த்தும், சட்டை முதுகில் ஒன்பதாம் நம்பர் இருந்ததால் வாய் காசிநாதன் பெயரைச் சொல்லிவிட்டது. பாவி வாய்!

"நோட்டுல ஏறிப்போச்சே தம்பி. பாக்கலாம்" என்றார், அவன் முகத்தைப் பார்க்காமல்.

"சரிங்கண்ணே" என்று அவன் திரும்பி நடந்தான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட இருசப்பனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. "இன்னாயா, பெசஞ்சிக்கினே இருக்க?" என்று கேட்ட மனைவி சாலம்மாளிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "வாய மூடிக்கினு இரு. ஊரே கொதிச்சிக்கினு இருக்குது. ஊர்ப் புள்ளகிட்டேர்ந்து புடுங்கி மலைக்காரனுக்குக் குடுத்தான்னு பேர் வந்தா, ஷெட்டு போறது மட்டுமில்ல, வூட்டு மேல கல்லு வரும்."

மனசு கேட்காமல் இளஞ்செழியனிடம் போனார். அவர் நோட்டைத் திறக்கவே இல்லை. "மைக்ல சொன்னது ஊருக்கே கேட்டுச்சு. இப்ப மாத்துனா நீ சொன்ன அத்தனை கோலும் சந்தேகம்தான். நாலு மாசம் நடந்த லீக்கே நாறிடும். பேசாம போய்யா."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அதனால்தான் பயம் ஜாஸ்தியானது.

ஞாயிற்றுக்கிழமை மைதானம் நிரம்பி வழிந்தது. முன் வரிசையில் காசிநாதன், பக்கத்தில் அப்பா. இருசப்பன் கூட்டத்தில் தலை தலையாகத் தேடினார். சடையன் வரவில்லை. 'பாக்கலாம்' என்று சொல்லி அனுப்பியவனை நம்பி எவன் மலை இறங்குவான்? இளஞ்செழியன் பெயர் எழுதிய சீட்டை நீட்டினார். இருசப்பன் அதை வாங்கிக்கொண்டு மைக் முன் போய் நின்றார்.

"இந்த சீசனின் சிறந்த ஆட்டக்காரர்..." என்று ஆரம்பித்தவர் சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டார். "மழை பெய்த ஆட்டத்தில் நான் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டேன். அந்தக் கோல் சடையன் போட்டது. தப்பு என்னுடையது. கணக்குப்படி சடையன் ஒன்பது, காசிநாதன் எட்டு."

அவ்வளவுதான், மைதானம் கொந்தளித்துவிட்டது. "எவ்ளோ வாங்கின?" என்று ஒருவன் கத்தினான். காசிநாதனின் அப்பா எழுந்து மேடையை நோக்கி வந்தார். இருசப்பன் ஓரடி பின்னால் நகர்ந்தார், மைக்கை மட்டும் விடவில்லை.

அப்பாவின் கையைப் பிடித்து நிறுத்தியது காசிநாதன்தான். "அவரு சொல்றது நெசம்பா. நான் வெளியதான் உக்காந்திருந்தேன்" என்றான். சொல்லிவிட்டுக் குனிந்த தலையை அவன் நிமிர்த்தவில்லை.

இளஞ்செழியன் சளைக்கவில்லை. "சரி, மூணு தரம் கூப்புடு. வந்து வாங்கலன்னா அடுத்த ஆளுக்குப் போவும். அதான் லீக் சட்டம்."

"கரியாலூர் சடையன்!" ஒருத்தரும் எழவில்லை.

"கரியாலூர் சடையன்!" குழாய் ஸ்பீக்கரில் அலறிய பெயர் மலைப்பக்கம் போனது. பதில் இல்லை. பரிசு கொடுக்க வந்திருந்த ஆலை அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

மூன்றாவது தரத்துக்கு வாயைத் திறந்த இருசப்பன், அப்படியே மூடிக்கொண்டார். கூப்பிட்டால் தீர்ந்தது, பரிசு கைமாறிவிடும்.

"மூணாவது தரம் இங்க கூப்புட மாட்டேங்க. அவன் வூட்டு வாசல்ல போய்க் கூப்புடறேன்" என்று சொல்லி மைக்கை அணைத்தார்.

"யோவ், மைக்கக் குடுய்யா!" என்று இளஞ்செழியன் துரத்த, "என்னோட மைக்குங்க" என்று வயரைச் சுருட்டி, பேட்டரியோடு கேரியரில் கட்டினார். பயம் போய்விட்டதா என்றால், எங்கே போகும்! முதுகுப் பக்கம் எந்த நேரமும் கல் வரலாம். ஷெட்டும் போனதுதான். கரியாலூர் போய்ச் சேர்வதற்குள் இவர்கள் பரிசைக் கொடுத்துவிட மாட்டார்கள் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

ரோட்டில் பாதி மரங்கள் இன்னும் அகற்றப்படாமலே கிடந்தன. முதல் மரத்தின் மேல் சைக்கிளை ஏற்ற முடியாமல் அவர் திணறியபோது, பின்னாலிருந்து ஒரு கை கேரியரைத் தூக்கிக்கொடுத்தது. திரும்பினார். காசிநாதன் நின்றிருந்தான்.

"போலாங்கண்ணே" என்றான். "மழ வர்றதுக்குள்ள ஏறிடணும்."