மூடி வைத்த வெங்காய வளையம்

என் மாமா துபாயிலிருந்து திரும்பி வந்தபோது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். அம்மாவுக்கு ஒரே தம்பி. அங்கே பெரிய ஓட்டலில் அவர் செஃப் என்பது இராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்கே தெரிந்த செய்தி. அந்தச் செய்திக்கு இருந்த ஆதாரம் ஒரு புகைப்படம். வெள்ளை ஏப்ரன் கட்டிக்கொண்டு, பளபளக்கும் அடுக்களையில் மாமா நிற்பார். படத்தைப் பார்த்து அவரைச் செஃப் ஆக்கியவள் அம்மா. மாமா போனில் மறுக்கவில்லை. செய்தியை ஞாயிறு பள்ளி வரை கொண்டுபோய்ச் சேர்த்தது நான்.

உண்மையில் மாமா அங்கே பாத்திரம் கழுவினார். ஓட்டலை மூடியதும் ஊருக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கிவிட்டார். வீட்டில் யாரும் இதைச் சொல்லிக்கொள்ளவில்லை. எனக்குத் தெரிந்தது அறுப்பின் பண்டிகை அன்றுதான்.

அம்மா பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர். ஞாயிறு ஆராதனைக்கும் பண்டிகைக்கும் பஸ் ஏறி அவள் பிறந்த வீட்டுச் சபைக்கே போவோம்; என் ஞாயிறு பள்ளியும் அங்கேதான். அறுப்பின் பண்டிகையன்று விளைந்ததில் முதலாவதை ஆலயத்துக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் பூசணி, வாழைத்தார், சேவல் எல்லாம் ஏலத்துக்கு வரும். வளாகத்தில் பெண்கள் பலகாரக் கடை போடுவார்கள். அந்தச் சபையில் ஒரு அண்ணாச்சி இருந்தார். இரண்டு ஊர்களிலும் கல்யாணச் சமையலை ஒப்பந்தம் எடுத்து நடத்துகிறவர். பண்டிகைக்கு முந்தின ஞாயிறு அவர் அம்மாவை நிறுத்திக் கேட்டார்.

"உந்தம்பி துபாய்ல சமைச்சவன்னு சொல்லுதாவளே? கல்யாண வீட்டுல சாயங்காலத்துக்கு எதாவது புதுசா கேக்காங்க. பண்டிகைக்கு ஒரு ஐட்டம் போடச் சொல்லு. நாக்குல வச்சுப் பாத்துட்டு வேலையப் பேசுவோம்."

அம்மா அங்கேயே சரி என்று சொல்லிவிட்டாள். இந்த வேலை அமையாவிட்டால் மாமா மறுபடியும் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட்டிடம் போய் நிற்க வேண்டியதுதான். போனால் திரும்ப எத்தனை வருஷமோ.

மாமா தேர்ந்தெடுத்தது வெங்காய வளையம். ஓட்டலில் அவர் நின்ற கழுவுதொட்டிக்கு நேர் எதிரே எண்ணெய் அடுப்பு இருந்ததாம். மாவில் புரட்டி, கரைசலில் முக்கி, ரொட்டித்தூளில் உருட்டி எண்ணெயில் போடுவதை அவர் தினமும் பார்த்திருக்கிறார். வரிசை தெரியும். அளவு தெரியாது.

முதல் நாள் மாலை, பல்லாரி வெங்காயத்தை வட்டமாக நறுக்கிவைத்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்:

"அக்கா, மாவு எம்புட்டுத் தண்ணியா இருக்கணும்?"

மிக்சியில் ரஸ்க்கைப் பொடித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை ஒரு கணம் நின்றது. செஃப் கேட்கிற கேள்வியா அது? அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"இட்லி மாவவிடக் கொஞ்சம் இளக்கமாக் கரைச்சுப் பாப்பம்ல."

அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்க துபாய் என்ற சொல் எங்கள் அடுக்களையில் வரவில்லை. அம்மா மில்லில் ஷிப்ட் முடித்து வந்து முகம் கழுவுவாள். அடுப்பு பற்றும். முதல் நாள் மாவு தனியாகவும் வெங்காயம் தனியாகவும் எண்ணெயில் மிதந்தன. அடுத்த நாள் ரஸ்க் தூள் கருகி உள்ளே பச்சை வாடை அடித்தது. மைதா வெங்காயத்தில் ஒட்டவில்லை என்று கடலை மாவுக்கு மாறியபோது, தட்டில் இருந்ததை அப்பா ஒரு வாய் கடித்துவிட்டு மனப்பூர்வமாகச் சொன்னார்:

"பஜ்ஜி நல்லாருக்கு மாப்ள."

மாமா அன்று இரவு சாப்பிடவில்லை.

மறுநாள் அப்பா வேலையிலிருந்து வரும்போது ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். அவர் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்தில் இருந்தார். பொட்டலத்தில் வெளுத்த மெல்லிய துணி. அதை அடுக்களைத் திண்டில் வைத்துவிட்டுப் போனார். அம்மா அதில் வெங்காய வளையங்களைப் பரப்பி, காயத்தை ஒற்றுவது போல ஒற்றி எடுத்தாள். ஈரம் போனதும் மைதா ஒட்டியது. வளையத்தின் உட்பக்கம் இருந்த வழுக்குத் தோலை மாமா நகத்தால் உரித்துப் போட்டார். அதன் பிறகு கரைசலும் நழுவவில்லை. பொன்னிறத்தில் ஒரு வளையம் உடையாமல் மேலே வந்தபோது, அக்காவும் தம்பியும் அதை யாருடைய குழந்தையோ என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தோற்றவை எல்லாம் என் தட்டுக்கு வந்தன. ரசம் சோற்றுக்குக் கருகியது, தயிர் சோற்றுக்கு உரிந்தது. மாமா எனக்காகவே தினமும் விருந்து செய்கிறார் என்று நினைத்தேன். பள்ளியிலும் அப்படித்தான் சொன்னேன். அந்த வாரத்தைப் போல அவ்வளவு நன்றாக நான் சாப்பிட்டதில்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

பண்டிகை நாள் காலையில் மாமா வளையங்களைப் பொரித்து முடித்ததும் அம்மா சூட்டோடு சூடாக அவற்றைப் பெரிய சம்படத்தில் அடுக்கி, மூடியை அழுத்தி, மேலே ஒரு துணியையும் சுற்றிக் கட்டினாள். முறுக்கு, அதிரசம், சீடை எதுவானாலும் காற்றுப் பட்டால் நமுத்துவிடும் என்பது எங்கள் பக்கத்து அடுக்களைச் சட்டம். பஸ்ஸில் சம்படத்தை மடியில் வைத்துக்கொண்டு, அது நன்றாகச் சூடாக இருப்பதாகச் சந்தோஷப்பட்டாள்.

ஆராதனை முடிந்து பலகாரக் கடையில் சம்படத்தைத் திறந்தபோது மூடியின் உட்புறம் வேர்த்திருந்தது. மாமா ஒரு வளையத்தை எடுத்தார். அது அவர் விரலில் ஈரத் துணி போலத் தொங்கியது.

"நாந்தாம்ல மூடுனேன்," என்றாள் அம்மா. "காத்துப் படக்கூடாதுன்னு நெனச்சேன்."

"விடுக்கா. அங்க ஓட்டல்ல தட்டுல போட்டதும் சப்ளையர் பயலுவ எடுத்துட்டு ஓடுவானுவ. ஏன் ஓடுதானுவன்னு இப்பல்லா தெரியுது."

அண்ணாச்சி ஏலப் பந்தலில் உட்கார்ந்திருந்தார். ஏலம் முடிந்ததும் நேரே இங்கேதான் வருவார். அப்போது பந்தலில் ஒரு கூடைப் பல்லாரி வெங்காயத்தை உயர்த்திக் காட்டினார்கள். எந்தக் கூட்டத்திலும் கடைசி வரிசையில் நின்று, பேர் கேட்டால்கூட முணுமுணுக்கிற என் அப்பா கையைத் தூக்கினார். பக்கத்தில் ஒருவர் விலையை ஏற்றினார். அப்பா மறுபடியும் தூக்கினார். தூக்கிய கையை இறக்கவே இல்லை.

"என்ன மாப்ள, வெங்காய யாவாரம் ஆரம்பிக்கியளா?" என்று யாரோ கேட்க, பந்தலே சிரித்தது. அப்பா கூடையோடு வந்தார். எதிர்ப் பரோட்டாக் கடையில் மைதாவும் டீக்கடையில் ரஸ்க்கும் கிடைத்தன. ரஸ்க்கை நான்தான் தண்ணீர்ப் பாட்டிலால் உருட்டிப் பொடித்தேன். வடை போட்டுக்கொண்டிருந்த பெண்கள் எண்ணெய்ச் சட்டியோடு ஒரு அடுப்பை விட்டுக்கொடுத்தார்கள். ஈரம் ஒற்ற அப்பாவின் புதுத் துண்டு போயிற்று.

அண்ணாச்சி வந்தபோது எண்ணெயிலிருந்து எடுத்தது எடுத்தபடி காகிதத்தில் வைத்து மாமா அவர் கையில் கொடுத்தார். கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அவர் இன்னொன்று கேட்டார். பிறகு இன்னொன்று. பின்னால் வரிசை கட்டிவிட்டார்கள். என் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் அதில் நின்றார்கள்.

"எப்ப வேலைக்கு வாரே?" என்றார் அண்ணாச்சி.

மாமா கரண்டியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லிருதேன். அங்க நான் சமைக்கல. பாத்திரந்தான் கழுவுனேன். இத இந்த வாரந்தான் அக்காவோட சேந்து படிச்சேன்."

வரிசையில் நின்ற பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா சம்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி வாயில் இருந்ததை மென்று விழுங்கினார்.

"பாத்திரம் கழுவுன கைன்னா நம்பித் திங்கலாம்லா," என்றார். "ஆனா எடுத்ததும் கரண்டி தர மாட்டேன். திங்கக்கெழம வா. மொதல்ல காய் வெட்டு. பொறவு பாப்போம்."

"வாரேன் அண்ணாச்சி."

எனக்குக் கோபமாக வந்தது. ஜெயித்த பிறகு எதற்காக அதைச் சொன்னார்? யாரும் கேட்கவில்லையே. காலையில் செஃப்பாக வந்தவர் மாலையில் காய் வெட்டுகிறவராகத் திரும்புகிறார். திங்கட்கிழமை நான் எந்த முகத்தோடு பள்ளிக்குப் போவது? பஸ்ஸில் மாமா காகிதத்தில் மடித்து வைத்திருந்த கடைசி வளையங்களை என்னிடம் நீட்டினார்.

"ஏட்டி, ஒனக்குன்னு எடுத்து வச்சேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "விடு, பொறவு திம்பா," என்று அப்பா சொன்னார். அவர் தோளில் எண்ணெய்க் கறை படிந்த துண்டு கிடந்தது.

என்னை இன்னும் கோபப்படுத்தியது அம்மாதான். இவ்வளவு பேர் முன்னால் மானம் போயிருக்கிறது. அவளோ ஊர் எல்லை தாண்டுவதற்குள் தம்பியின் தோளில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டாள். குலுக்கலில் சம்படம் மடியிலிருந்து உருண்டு விழுந்தும் விழிக்கவில்லை. இராஜபாளையத்தில் இறங்க வேண்டிய இடத்தில் மாமா அவளை எழுப்ப மனமில்லாமல் கண்டக்டரைப் பார்த்துச் சற்று நேரம் நிறுத்தச் சொன்னார். எப்படி இவளால் தூங்க முடிகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். தம்பி ஊருக்கு வந்த நாளிலிருந்து அவள் சரியாகத் தூங்கியதே இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.