நர்ஸம்மாவின் மெதுவான கார்

நர்ஸம்மா கார் ஓட்டிப் போனால், சைக்கிளில் வருகிறவர்கள்கூடக் கையாட்டிவிட்டு முந்திப் போவார்கள் என்று அந்தக் காலத்தில் தெருவில் ஒரு கேலி உண்டு. அது அவள் காதில் விழாமல் இல்லை. வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் படுக்கையோடு கிடப்பவர்களுக்கு ஊசி போடுவதும் அவள் வேலை. அண்ணன் கொடுத்த அந்தப் பழைய பச்சைக் கார் இல்லாவிட்டால் அந்த வேலையும் இல்லை.

அவள் கணவர் நேர்மாறு. பத்திரிகை அலுவலக வேன் ஓட்டியவர். விடிவதற்குள் கடை கடையாகப் பத்திரிகைக் கட்டுகளைப் போட்டாக வேண்டிய அவசரம் காலிலேயே ஊறிப்போயிருந்தது. பச்சைக் காரில் உட்கார்ந்தாலும் அதே கதைதான். ஒரு சிக்னலில் சீறிக் கிளம்புவார், அடுத்ததில் பிரேக்கின் மேல் ஏறி நிற்பார்.

ஒரு வருடம் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. வண்டிக்கு இவ்வளவுதான் என்று அளந்து ஊற்றினார்கள். முதல் வாரமே கார் நடுவழியில் நின்றது. நர்ஸம்மா பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தே தையல்கார அம்மாவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். காலில் ஆறாத புண்ணோடு காத்திருந்த அந்த அம்மா, "இனிமே வரவே மாட்டியோன்னு நெனச்சேன்" என்று அழுதுவிட்டாள்.

மறுநாளே மெக்கானிக்கிடம் போனாள். அவர் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தரையில் தட்டினார். பாதித் தெருவின் புழுதி உள்ளே இருந்தது.

"டயர்ல காத்து கொறஞ்சாலும் வண்டி பெட்ரோல் குடிக்கும்மா. பின்னால என்ன, கல்லா அடச்சு வெச்சிருக்கீங்க?"

கிட்டத்தட்டக் கல்தான். என்றைக்கோ கட்டப்போகும் குளியலறைக்காகக் கணவர் வாங்கிப் போட்டிருந்த டைல்ஸ் பெட்டிகள், கூடவே ஓடாத மின்விசிறி ஒன்று. எல்லாவற்றையும் வீட்டு வாசலில் இறக்கினாள்.

"அது பாட்டுக்கு இருக்கட்டுமே. என்னைக்காவது உதவும்" என்றார் கணவர்.

"உதவட்டும். வீட்டுக்குள்ள இருந்துட்டே உதவட்டும். கார் மேல இருக்கற கேரியரையும் கழட்டுங்க."

"அது உன்ன என்ன பண்ணுச்சு?"

"காத்தத் தடுக்குதுங்க."

முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார்.

தட்டுப்பாடு நீண்டது. அவருடைய வேனும் ஷெட்டில் முடங்கியது. வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் அவளோடு காரில் ஏறிக்கொண்டார். முதல் நாளே வாய் சும்மா இருக்கவில்லை.

"சிவப்பு அங்கல்ல இருக்கு? இங்கயே ஏன் ஆக்ஸிலரேட்டர்லருந்து கால எடுக்கற?"

"அங்க போய் நிக்கத்தான போறோம்? அதுக்கு ஏன் ஓடணும்?"

கார் தானாக உருண்டு வேகம் குறைந்து சிக்னலை நெருங்கியபோது பச்சை விழுந்தது. நிற்காமலே கடந்தார்கள். அவர் அடக்கப் பார்த்தும் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குமுன் அவர்கள் அவ்வளவு பேசியதே இல்லை. அவள் வேலைக்குக் கிளம்பும்போது அவர் தூங்குவார். அவள் தூங்கும்போது அவர் கிளம்புவார். இப்போது பாதையைச் சேர்ந்தே யோசித்தார்கள், போன தெருவுக்கே திரும்பி வராதபடி. அவள் நோயாளியைப் பார்க்கும் நேரத்தில் அவர் எஞ்சினை அணைத்துவிட்டு அந்த வீட்டாரோடு ஊர்க்கதை பேசுவார். தையல்கார அம்மா புண் ஆறி முதன்முதலாக வாசல்வரை நடந்து வந்தபோது, கை தட்டியது அவர்தான்.

பிறகு பெட்ரோல் தாராளமாகக் கிடைத்தது. வேனும் அவரைக் கூப்பிட்டது. அதில் பழைய வேகம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பச்சைக் காரை எடுத்தால், சிக்னல் தெரியும் முன்பே காலை எடுத்துவிட்டு அவளை ஓரக்கண்ணால் பார்ப்பார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள், சிரிப்பது தெரியாமலிருக்க.

அவர் காலமாகிச் சில வருடங்களாகிவிட்டன. காரும் கைமாறிவிட்டது. இப்போது நர்ஸம்மா மகளின் காரில்தான் போகிறாள். போன வாரம் மகள் சடாரென்று பிரேக் போட, இவள் காலும் தரையை அழுத்தியது.

"பயந்துட்டியாம்மா?"

"பயமெல்லாம் இல்லடி. கொஞ்சம் மெதுவாப் போனா பேசிக்கிட்டே போகலாமேன்னு."

மகள் வேகத்தைக் குறைத்தாள். "சரி, பேசு."

"பொண்ணு பாக்க வந்தப்ப உங்கப்பாவ முதல்ல வேண்டாம்னுதான் சொன்னேன், தெரியுமா?" என்று ஆரம்பித்தாள் நர்ஸம்மா.