தறிக்கூடத்தில் இரண்டு நாடகங்கள்

இத்தாலியில் பிராத்தோ என்கிற துணி நெய்யும் ஊருக்கு நான் தறி மெக்கானிக்காக வந்த புதிது. காபிக் கடையில் எங்கள் மில் ஆட்கள் இருவர் கையை ஆட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சொத்துத் தகராறு என்று நினைத்து விலக்கிவிடப் போனேன். விஷயம் அதுவல்ல. பக்கத்துத் தேவாலயச் சுவரின் பழைய ஓவியத்தைச் சுத்தம் செய்ததில் நீலம் வெளிறிவிட்டதா என்பதுதான் சண்டை. எங்கள் குமாரபாளையத்தில் ஒரு சுவரின் நிறத்துக்காக யாரும் காபியை ஆறவிட்டதில்லை.

கலை மறுமலர்ச்சி ஏன் இந்தப் பக்கம் தொடங்கியது? பக்கத்து ஃபிளாரன்ஸில் கம்பளி வியாபாரிகள் ஒருவரையொருவர் மிஞ்சுவதற்காக ஓவியர்களை அமர்த்தினார்கள் என்கிறார்கள். ஒருநாள் பக்கத்து மெஷினில் நிற்கும் மார்கோவிடம், "இதெல்லாம் ஏன் இங்கே ஆரம்பித்தது?" என்று அரைகுறை இத்தாலிய மொழியில் கேட்டேன். மில்லைப் பற்றிக் கேட்கிறேன் என்று நினைத்து, "ஆறு இருக்கிறதே, சாயம் போடத் தண்ணீர் வேண்டாமா?" என்றார். ஆறு எங்களுக்கும் உண்டு. துணியும் சாயமும் உண்டு. லாரியிலும் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியிலும் சம்பாதித்த பணமும் உண்டு.

ஆரம்பம்கூட ஒருமுறை இருந்தது. என் சித்தப்பா மகள் செல்வி, ஓடாமல் கிடந்த விசைத்தறிக் கூடம் ஒன்றில் தறி ஓட்டும் பெண்களை வைத்து நாடகம் போட்டாள். ஷிஃப்ட் முடிந்து, தலைமுடியில் பஞ்சுத் தூசியோடு வந்து நடித்தார்கள். நான் லைட் பிடித்தேன். முதல் நாடகத்துக்குச் சொந்தபந்தங்கள் மட்டும் வந்தார்கள். இரண்டாவதற்கு ஆட்டையாம்பட்டியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து, இடமில்லாமல் ஜன்னலில் தொற்றிக்கொண்டு பார்த்தார்கள். ஏதோ தொடங்கிவிட்டது என்று நம்பினேன்.

அந்த மாதமே கூடத்துக்காரர் இடத்தை நீட் கோச்சிங் சென்டருக்கு விட்டுவிட்டார். வேறு இடம் கேட்டு, திருச்செங்கோட்டில் ஒரு ரிக் முதலாளியைப் பார்க்கப் போனோம். டீ கொடுத்து அன்பாகத்தான் பேசினார்.

"கோயிலுக்குன்னு கேளு சாமி, இல்லைன்னு சொல்ல மாட்டேன். நாடகத்துக்குக் குடுத்தா ஊருக்குள்ள என்ன பேசுவாங்க?"

ஃபிளாரன்ஸ் வியாபாரிகளும் கோயிலுக்குத்தான் கொடுத்தார்கள். ஆனால் அதில் யார் வரைய வேண்டும் என்றும் அடித்துக்கொண்டார்கள். எங்கள் ரிக் முதலாளிக்குத் தன் பெயர் கோயில் கல்லில் இருந்தால் போதும்.

போன வருடம் ஊருக்குப் போனபோது செல்வியை அதே கூடத்தில் பார்த்தேன். கோச்சிங் சென்டரின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தாள். மேடை இருந்த இடத்தில் உயிரியல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

"மறுபடி ஆரம்பி செல்வி. பணம் நான் அனுப்பறேன்" என்றேன்.

"பணத்த வெச்சுட்டு என்னங்கண்ணா பண்றது? மாமியாரா நடிச்ச சரசு திருப்பூருக்குக் குடி போயிட்டா. லைட்டுப் புடிச்ச நீங்க இத்தாலிக்குப் போயிட்டீங்க. ஆரம்பிக்கறதுக்கு ஆளு ஊருல இருக்கோணுமில்லீங்க?"

கோபமில்லாமல் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்திருக்கும். அதற்குள் யாரோ பெற்றோர் வர, "வாங்க, உக்காருங்க" என்று எழுந்துகொண்டாள்.

இங்கே பிராத்தோவில் கோடையில் ஊர்ச் சதுக்கத்தில் நாடகம் நடக்கும். நாற்காலி போட ஆள் போதாவிட்டால் மார்கோ என்னைக் கூப்பிடுவார். போட்டுவிட்டுக் கடைசி வரிசையில் உட்காருவேன். வசனம் வேகமாக ஓடும். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகுதான் எனக்கு அர்த்தம் பிடிபடும். அப்போது நான் மட்டும் சிரிப்பேன். முன்வரிசையில் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள்.