மழைக்கு மழை செத்த நைனா

என் நைனாவை ஒரு தொண்டு நிறுவனம் கொன்றது. அடித்தோ விஷம் வைத்தோ இல்லை, வீடியோ எடுத்து. பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு என் செலவில் விளம்பரம் ஒரு கேடா?

திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்குள் வெள்ளம் புகுந்த வருஷம் அது. வெறும் தண்ணீராக வந்தால்கூடப் பரவாயில்லை, எங்கிருந்தோ எண்ணெயும் கலந்து வந்து சுவரெல்லாம் கறுப்புப் பட்டை போட்டுவிட்டது. நைனா குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரித் தண்ணீருக்குப் போயிருந்தார். ராயபுரத்தில் கிளியரிங் ஆபீஸ் வேலைக்குப் போன நான், பஸ் இல்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டேன். வீட்டில் அம்மா மட்டும்தான். முழங்கால் தண்ணீரில் நின்று, சுவரில் இருந்த நைனாவின் போட்டோவைக் கழற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு வந்திருக்கிறாள். அந்த நேரம் பார்த்து அரிசியும் பெட்ஷீட்டும் கொடுக்க வந்தவர்கள் செல்போனைத் தூக்கிவிட்டார்கள்.

நைனா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அது அவர் ரிட்டையர் ஆன அன்று எடுத்த போட்டோ. கூட வேலை பார்த்தவர்கள் போட்ட ரோஜா மாலையோடு பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பார். மாலை படத்துக்குள்ளே, அவர் கழுத்தில் இருந்தது. படத்துக்கு மேலே இல்லை. இந்த வித்தியாசம் தெரிவதற்குப் படிப்பு வேண்டாம், கண் இருந்தால் போதும். அவர்கள் பார்த்ததெல்லாம் மாலையோடு ஒரு ஆம்பளை படம், அதைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஒரு பொம்பளை, மழையில் கரைந்துபோன அவள் பொட்டு. ஒரு வார்த்தை கேட்காமல் அம்மாவை விதவை ஆக்கிவிட்டார்கள்.

எங்களுக்கு இது தெரிந்ததே மாத்தூர் அத்தையால்தான். அத்தை நைனாவின் கூடப்பிறந்த தங்கை. ஒருநாள் காலையில் ஆட்டோவில் வந்து இறங்கி, தெருமுனையிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு, "எண்ணே, என்ன உட்டுட்டுப் பூட்டியேண்ணே" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தாள். வாயில் பிரஷ்ஷும் இடுப்பில் லுங்கியுமாக நைனா கதவைத் திறந்தார். அத்தை ஒரு நிமிஷம் பேயைப் பார்த்த மாதிரி பார்த்தாள். அப்புறம் அவர் முதுகிலேயே ரெண்டு போட்டாள்.

"பாவி, உயிரோடயா கீற!"

"கீறேனே. நீ இன்னாத்துக்கு அழுதுகினு வர?"

அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. படம் பார்ப்பாள், வாட்ஸாப்பில் பேசி அனுப்புவாள், அவ்வளவுதான். அவள் தெருக்காரர் யாரோ அனுப்பிய வீடியோவைப் போட்டுக் காட்டினாள். பின்னால் வயலின் அழுதது. தேன் தடவிய குரலில் ஒரு பெண், "கடலுக்குப் போன கணவர் திரும்பவேயில்லை. இந்தத் தாய்க்கு இனி நீங்கள்தான்" என்றாள். கீழே பச்சை நிறத்தில், இப்போதே உதவுங்கள் என்று ஒரு பட்டன். நைனாவோ படகில் காலை வைத்தாலே வாந்தி எடுக்கிற ஆள்.

அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தோம். நைனா அத்தையின் தலையைத் தட்டி, "இன்மே எவன் இந்தப் போட்டோவக் காட்டி நான் செத்துட்டேன்னு சொன்னாலும் நம்பாத. நெசமா செத்தா நானே உனக்குப் போன் பண்றேன்" என்றார். சத்தியமாக நம்பமாட்டேன் என்றாள் அத்தை. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. தாலியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த வீடியோவ எடுக்கச் சொல்லு. உங்க நைனாவ செத்தவருன்னு ஊரெல்லாம் பாக்கறது எனுக்கு வேணாம்" என்றாள் என்னிடம்.

எடுக்கச் சொல்வது அவ்வளவு லேசா? அவர்கள் நம்பருக்குப் போன் போட்டால், நன்கொடை தர ஒன்றை அழுத்தவும், மாதாமாதம் தர இரண்டை அழுத்தவும் என்றது. செத்ததாகச் சொன்ன ஆள் உயிரோடு இருந்தால் எதை அழுத்துவது என்று சொல்லவில்லை. அவர்கள் வெப்சைட் பக்கத்தில் ஒரு சாட் பெட்டி இருந்தது. "இந்தப் படத்தில் இருப்பவர் என் அப்பா, உயிரோடு இருக்கிறார், வீடியோவை எடுங்கள்" என்று எழுதினேன். கண்மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது: "உங்கள் கனிவான வார்த்தைகளுக்கு நன்றி! இன்று எத்தனை குடும்பங்களுக்கு உதவ விரும்புகிறீர்கள்?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெஷின் என்று தெரிந்தும் கண்டபடி திட்டி எழுதினேன். அதற்கும் நன்றி சொன்னது.

கடைசியில் நைனாவையே கூட்டிக்கொண்டு நேராக அவர்கள் ஆபீசுக்குப் போனேன். நகரத்தின் அந்தக் கோடியில், பளபளவென்று கண்ணாடிக் கட்டிடம். சுவர் முழுக்க எங்களைப் போன்றவர்கள் முகம், ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. ஒரு சின்னப் பெண் வந்தாள். நைனா செல்போனை நீட்டி, "இதுல செத்தது நான்தாம்மா" என்றார். அவள் விவரம் புரிவதற்கு முன்பே, வாய்ப் பழக்கத்தில், "ஸோ ஸாரி சார்" என்றாள்.

புரிந்த பிறகும் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. "அம்மா முகத்தோட டோனர்ஸ் ரொம்ப கனெக்ட் ஆகறாங்க மேடம். இது நல்லாப் போற கேம்பெயின். தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். வேறு எப்படி எடுத்துக்கொள்வதாம்? உங்கள் அப்பா படத்தைப் போட்டு இப்படிக் காசு கேட்பீர்களா என்று நான் கத்த ஆரம்பித்ததும், உள்ளேயிருந்து ஒருவர் வந்து, கண்டிப்பாக எடுத்துவிடுகிறோம் என்று கைகூப்பினார். நைனா திரும்பும்போது, "உடும்மா, அரிசி நல்ல அரிசிதான்" என்றார். அந்தப் பெரிய மனசு எனக்குக் கிடையாது. அந்த ஆபீஸை இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

எடுத்தார்கள், மறுபடி மழை வரும்வரை. அடுத்த ஐப்பசியில் அதே வீடியோ, புது வயலினோடு வந்தது. புகார் கொடுத்தால் இறக்குவார்கள். அதற்குள் வேறு யாராவது அதை எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டிருப்பார்கள். வானம் இருட்டினால் நைனா செத்துப்போவார் என்று ஆகிவிட்டது. அத்தைக்கு அது ஒரு வாடிக்கை. வீடியோ வந்ததும் அண்ணனுக்குப் போன் போட்டு, "இன்னா, இந்த வருசமும் செத்துட்டியா?" என்பாள். இவரும், "ஆமா, காரியத்துக்கு வந்துடு" என்பார்.

போன மழைக்கு நைனா நிஜமாகவே செத்தார். காலையில் டீ குடித்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்தான், எழவில்லை. அத்தைக்குப் போன் மேல் போன் போட்டேன். மழையில் லைனே கிடைக்கவில்லை. ஐஸ் பெட்டி வந்துவிட்டது, மறுநாள் காலையில் எடுப்பதாகப் பேசிக்கொண்டார்கள். அத்தை வந்து முகம் பார்க்காமல் எப்படி எடுப்பது? எழுதினால் அவளுக்குப் படிக்கத் தெரியாது. நைனாவுக்கு இருந்த ஒரே நல்ல படம் அந்த ரிட்டையர் போட்டோதான். அதையே வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டு, "அத்தே, சீக்கிரம் வா அத்தே" என்று அழுகையோடு பேசியும் அனுப்பினேன். நெட் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. படம் போனது. என் குரல் போகவில்லை.

கொஞ்ச நேரத்தில் அத்தை வாட்ஸாப்பில் பேசி அனுப்பியது வந்தது. அம்மா ஐஸ் பெட்டியின் மேல் கையை வைத்தபடி, "கெளம்பிட்டாளா கேளு" என்றாள். அவசரத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன் போலிருக்கிறது. வீடு முழுக்கக் கேட்டது.

"இன்னாடி, அந்தக் கலீஜ் பசங்க மறுபடியும் ஆரம்பிச்சுட்டானுங்களா? எத்தினி மழைக்குத்தான் சாவடிப்பானுங்க எங்கண்ணன! நான் நம்பல, போ. ஞாயித்துக்கெழம வரேன்னு சொல்லு. கடமா மீனு வாங்கி வெக்கச் சொல்லு."