சட்டைப் பையில் ஒரு ஃபியூஸ் கட்டை

சவரிமுத்துவின் சட்டைப் பையில் ஒரு ஃபியூஸ் கட்டை இருந்தது. வழக்கை விசாரிக்கும் காவல் உதவி ஆய்வாளர் நேற்று மாலை இதை என்னிடம் உறுதிப்படுத்தினார். நீச்சல் குளத்தின் கைப்பிடிக் கம்பியில் மடித்துப் போட்டிருந்த சட்டை அது. அந்தப் பீங்கான் கட்டை அதே குளத்தின் மோட்டார் அறையில், தண்ணீருக்குள் எரியும் விளக்குகளுக்கான இடத்திலிருந்து பிடுங்கப்பட்டது என்பதையும் பொருத்திப் பார்த்து முடிவு செய்துவிட்டார்கள். அவர் இறந்த நாளிலிருந்து அவரைப் பற்றிப் பலர் பலவிதமாகப் பேசினார்கள். உறுதியாகச் சொல்லக்கூடியதாக வந்திருக்கும் முதல் செய்தி இதுதான்.

இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் பாஷா. வண்ணாரப்பேட்டைக்காரர். மின் ஒப்பந்ததாரர் உரிமம் வைத்திருப்பவர். சவரிமுத்து எடுத்த குளங்களில் எல்லாம் கரண்டு வேலை அவருடையது. தொலைபேசியில் கண்டெய்னர் லாரிகளின் ஹாரன் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் வந்தது.

"சார், சவரி பூட்டான் சார். தண்ணில கரண்டு."

நம்ம சவரியா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். ராயபுரத்துக் கடலோரத்தில் பிறந்தவர் அவர். அலை இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே நம்பியிருப்பேன். மின்சாரம் என்பதை நம்ப முடியவில்லை. ஒயரைக் கையால் தொடுவதில்லை என்று ஊருக்கே அறிவித்துவிட்டுத் தொழில் செய்தவர் அவர்.

அந்த அறிவிப்பு ஒரு பெயர்ப்பலகை. தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள சந்தில், அவர் வீட்டு வாசலில் இன்னும் தொங்குகிறது. "நீச்சல் குளம் கட்டுதல், ஒழுகல் அடைத்தல், குழாய் மற்றும் வடிகட்டி வேலைகள் செய்யப்படும்" என்று மேலே நீல எழுத்தில் இருக்கும். கீழே, அதைவிடப் பெரிய சிவப்பு எழுத்தில், "மின் வேலை செய்யப்பட மாட்டாது." எதிர்க் கடையில் டைல்ஸ் விற்பவர் அதைப் பார்த்துக் கிண்டல் செய்யாத நாளில்லை.

"செய்ற வேலைய விட செய்யாத வேலை பெர்சா கீதே சவரி. அப்டியே சமையல் வேலையும் செய்யப்பட மாட்டாதுன்னு போட்டுக்கோ."

"அத்த நான் செஞ்சிகினுதான் கீறேன். பிலோமினாவக் கேளு."

பிலோமினா அவர் மனைவி. உள்ளேயிருந்து பதில் வரும்: "செய்றதுதான். துன்றதுக்குத்தான் ஆளு கிடையாது."

பலகைக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. நீச்சல் குளம் கட்டுபவருக்கென்று தனியாக ஓர் உரிமம், நான் விசாரித்த வரையில், நம்மிடம் இல்லை. குளத்தைப் பொதுமக்களுக்குத் திறந்து நடத்துகிறவர் அதற்கு அனுமதி வாங்க வேண்டும். மின் வேலையை உரிமம் உள்ள மின் ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே தண்ணீரில் இறங்கி வேலை செய்பவர் எதைத் தொடலாம், எங்கே கையை எடுத்துவிட வேண்டும் என்பதற்கு ஒரே இடத்தில் பதில் கிடைப்பதில்லை. சவரிமுத்து ஒருமுறை அதைக் கேட்டுக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நல்ல மனிதர்தான். உண்மையிலேயே உதவ நினைத்திருக்கிறார்.

"நீங்க கட்டறது கட்டடமா, தொட்டியா, கிணறா?"

"ஜனங்க எறங்கிக் குளிக்கிற எடம் சார்."

"அப்ப பாத்ரூம்ல வருமா பாருங்க."

இதை எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். சிரிப்பு அடங்கியதும் அவர் சொல்வது வேறு. "எனக்கு ரூலு எங்கியும் எழுதி வெக்கல சார். அதான் நானே எழுதி வாசல்ல மாட்டிக்கினேன்."

எனக்கு அவர் பழக்கமானது கொடுங்கையூரில், நான் குடியிருக்கும் அடுக்குமாடியில். அங்கே பிள்ளைகளுக்காகச் சின்னதாக ஒரு குளம் உண்டு. வடிகட்டி பழுதாகி அவரை அழைத்திருந்தோம். வடிகட்டியைச் சரி செய்து மூடிவிட்டு, மோட்டாரில் கழன்றிருந்த ஒயரைப் பார்த்தபடி வெளியே வந்து, டீ சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பாஷா வர வேண்டும் என்றார். எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளருக்குக் கோபம்.

"ரெண்டு ஒயரை முறுக்கி விடறதுக்கு இன்னொரு ஆளாப்பா? உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். எனக்கு ஊசி போடக்கூடத் தெரியும். போட்டுக்கிறீங்களா?"

செயலாளர் சிரித்துவிட்டார். சாயங்காலம் பாஷா வந்து, முறுக்கி, டேப் சுற்றி, மின்கசிவைச் சோதிக்கும் மெகர் கருவியை வைத்துப் பார்த்துவிட்டுப் போனார். போகும்போது சவரிமுத்துவிடம், "ஒயரு எனக்கு, தண்ணி உனக்கு. நமக்கு இன்னா சண்டை?" என்றார். இருவருக்கும் நடுவே வழக்கமாகப் புழங்கும் வசனம் அது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

தண்ணீரில் இறங்கும் முன்பு சவரிமுத்துவுக்கு ஒரு பழக்கம் உண்டு. மோட்டார் அறைக்குப் போய், குளத்துக்கு வரும் மின்சாரத்தின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். சுவிட்சை அணைத்தால் போதாதா என்று கேட்டேன். சுவிட்சை எவனும் போடலாம், என் பையில் எவனும் கை விட முடியாது என்றார். வேலை முடிந்ததும் கட்டையைத் திரும்ப மாட்ட மாட்டார். அது பாஷாவின் வேலை. பாஷா வந்து, சோதித்துப் பார்த்து, அவரிடம் கை நீட்டி வாங்கி மாட்டுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்ணாரப்பேட்டையில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தின் குளம் விளக்கில்லாமல் கிடந்தது. பாஷா உறவினர் கல்யாணத்துக்கு வேலூர் போயிருந்தார். கட்டை சவரிமுத்துவின் சட்டைப் பையில், சட்டை அவர் உடம்பில், அவர் பூசையில். கூடத்தின் உரிமையாளர் தேவாலய வாசலுக்கே வந்துவிட்டார்.

"யோவ், கட்டையக் குடுத்துட்டுப் போய் ஜெபம் பண்ணுய்யா."

"குடுத்தா நீ மாட்டுவ. பாஷா வரட்டும்."

"பேஜாரு புடிச்ச ஆளுய்யா நீ."

அன்று பிலோமினா அவரைத் திட்டியபோது அவர் சொன்ன பதிலைப் பாஷா எனக்குச் சொல்லியிருக்கிறார். "புடுங்கறதுக்கு எனக்கு உரிமை கீது. அது என் உசுரு. மாட்டறதுக்கு எனக்கு உரிமை இல்ல. அது அடுத்தவன் உசுரு."

இனி அந்த நாளுக்கு வருகிறேன். பாஷா, பிலோமினா, காவல் துறையினர், அந்த இடத்தின் காவலாளி ஆகியோர் தனித்தனியாகச் சொன்னவற்றில் ஒன்றோடொன்று பொருந்துவதை மட்டும் எழுதுகிறேன்.

திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு நீச்சல் பயிற்சி நிலையம். கோடை வகுப்பு தொடங்க இருந்தது. குளத்தில் நீர் குறைந்துகொண்டே வந்தது. சுவரில் விளக்குப் பதித்த பெட்டியைச் சுற்றி ஒழுகுகிறது என்று சவரிமுத்து கண்டுபிடித்திருந்தார். கடலுக்குத் தள்ளி உள்ளே இருக்கும் ஊர் என்றால் குளத்தைக் காலி செய்துவிட்டு அடைக்கலாம். கடலோரத்தில் அது முடியாது. அடியில் ஊறும் நிலத்தடி நீர், காலியான குளத்தை ஒரு படகைப் போல மேலே தூக்கிவிடும், தரை வெடித்துவிடும். ஆகவே நீரோடு வைத்துத்தான் அடைக்க வேண்டும். மூச்சடக்கி மூழ்கி, நீருக்குள்ளேயே இறுகும் பசையைப் பெட்டியின் வெளி விளிம்பில் பூச வேண்டும். பெட்டிக்கு வெளியே உள்ள சுவர் சவரிமுத்துவுடையது. பெட்டிக்கு உள்ளே இருக்கும் விளக்கும் ஒயரும் பாஷாவுடையவை. அந்த உலோக விளிம்புதான் இருவருக்கும் எல்லை.

பாஷா காலையிலேயே கிளம்பிவிட்டார். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் வரிசையில் மாட்டிக்கொண்டார். அந்த வரிசையைப் பற்றி இந்தப் பகுதியில் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. நிலையத்தில் அவசரப்படுத்தினார்கள். தண்ணீரில் கரண்டு கசிகிறதா என்று பாஷா சோதிக்கும் வரை யாரும் இறங்கக் கூடாது என்பதும் அவர்கள் இருவரும் வைத்திருந்த ஒழுங்குதான். சவரிமுத்து பாஷாவை அழைத்தார்.

"எங்க கீற மாமு?"

"லாரிக்குப் பின்னாடி. நான் வந்துகினே கீறேன், நீ எறங்காத."

"கட்டை என் பாக்கெட்டுல கீது. நீ மெதுவா வா."

அவர்கள் கடைசியாகப் பேசியது இவ்வளவுதான். சவரிமுத்து சட்டையைக் கழற்றிக் கம்பியில் போட்டுவிட்டு இறங்கினார். சற்று நேரத்தில் அந்தப் பகுதியில் மின்சாரம் நின்றது. நிலையத்தின் ஜெனரேட்டர் தானாக ஓடத் தொடங்கியது. அதன் பிறகு அவர் மேலே வரவில்லை. இதுவரை காவலாளி சொன்னது. ஜெனரேட்டர் லைன் ஃபியூஸைத் தொடாமல் நேராக விளக்குகளுக்கு இழுக்கப்பட்டிருந்ததா, இழுத்தவர் யார், அவரிடம் உரிமம் இருந்ததா என்பவை விசாரணையில் இருக்கின்றன. அவற்றை நான் முடிவாக எழுத முடியாது.

நிலையத்தின் தரப்பு சொல்வது வேறு. சவரிமுத்து விளக்கைக் கழற்றினார், தனக்கு அனுமதியில்லாத மின் வேலையைச் செய்தார், அதனால் இறந்தார் என்கிறார்கள். முதல் நாள் காவல் குறிப்பிலும் "மின் பழுது பார்த்தபோது" என்றுதான் இருந்தது. அந்தச் சொற்கள் நிலைத்துவிட்டால் அவர் மரணத்துக்கு அவரே பொறுப்பு. வாசலில் தொங்கும் சிவப்பு எழுத்து ஒரு பொய்யாகிவிடும்.

காசிமேட்டுக் கல்லறையில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போதே அந்தப் பேச்சைக் கேட்டேன். எனக்கு முன்னால் இரண்டு குளத்து வேலைக்காரர்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

"ஊருக்கெல்லாம் ரூலு பேசிக்கினு, கடைசில அவரே லைட்டுல கை வெச்சாராம்பா."

"வாய மூடிகினு வாடா. பாஷா பின்னாடி வரான்."

பாஷா பின்னால்தான் வந்துகொண்டிருந்தார். காதில் விழுந்திருக்கும். கல்லறை வாசலில் செருப்பைத் தேடும்போது என்னிடம் மட்டும் சொன்னார்: "ரூலுல பாதிய அவன் பாக்கெட்டுல வெச்சிருந்தான் சார். மீதிப் பாதி நான். லாரிக்குப் பின்னாடி நின்னுகினு இருந்தேன்."

என்னை இன்றும் உறுத்துவது அதுதான். சவரிமுத்துவின் பழக்கம் ஒரே ஒரு வழியில் வரும் மின்சாரத்துக்கு எதிரானது. இன்னொரு வழியும் இருக்கக்கூடும் என்பதற்காகத்தான் பாஷாவின் சோதனை. அன்றைக்கு அவர் முதல் பாதியை நம்பி இறங்கினார். இதை மறைத்து எழுதினால் அவரே ஏற்கமாட்டார். ஆனால் பொறுத்திருக்காமல் இறங்கியது ஒன்று. அனுமதியில்லாத வேலையில் கை வைத்தது வேறொன்று. முதலாவதற்கு நானும் பாஷாவும் அவர்மீது கோபப்படலாம். இரண்டாவதை அவர் செய்தார் என்பதற்கு இதுவரை யாரும் எதையும் காட்டவில்லை. கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார் என்பதற்கு இப்போது சான்று இருக்கிறது.

நேற்று உதவி ஆய்வாளரிடம் பேசிவிட்டு நேராக ராயபுரம் போனேன். பிலோமினா வாசற்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்தார்.

"பாக்கெட்டுலயா இருந்துச்சு?"

"ஆமாம்மா. சட்டையோட போலீஸ்கிட்டதான் இருக்கு."

"சட்டையத் திருப்பிக் குடுப்பாங்களா சார்?"

"கேஸ் முடிஞ்சதும் கேக்கலாம்."

"கட்டைய?"

அது பயிற்சி நிலையத்தின் பொருள், வழக்கு முடிந்தால் அவர்களிடம் போகலாம் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"அப்ப மெதுவாவே முடியட்டும் சார். அது ஸ்டேசன்ல கீற வரைக்கும் அந்தக் குளத்துல ஒரு கொழந்தையும் எறங்காது இல்ல?"

வேறொரு கட்டை எந்த மின்சாமான் கடையிலும் கிடைக்கும். அதை அவரிடம் சொல்லவில்லை.

சவரிமுத்துவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு கேள்வி. எங்கள் குடியிருப்புக் குளத்தில் துப்புரவுக்கு ஆள் இறங்கும்போது மாடியிலிருந்து இறங்கிப் போய், கட்டை யார் பையில் இருக்கிறது என்று கேட்கிறேன். இப்போது அதோடு இன்னொன்றும் கேட்கிறேன்: பாஷா வந்துவிட்டாரா?

பயிற்சி நிலையம் பூட்டிக் கிடக்கிறது. எந்த வழியாக மின்சாரம் வந்தது, விளக்குப் பெட்டியின் மூடி திறக்கப்பட்டிருந்ததா என்ற இரண்டு கேள்விகளுக்கும் மின் ஆய்வாளரின் அறிக்கைதான் விடை சொல்ல வேண்டும். இந்த மாத இறுதிக்குள் அது வந்துவிடும் என்று உதவி ஆய்வாளர் எதிர்பார்க்கிறார். அதற்குப் பிறகுதான் முதல் நாள் குறிப்பில் உள்ள அந்தச் சொற்கள் நிற்குமா, நீங்குமா என்று தெரியும். அதுவரை பலகையைக் கழற்றப் போவதில்லை என்று பிலோமினா சொல்லியிருக்கிறார்.