மேரியக்காவின் டீ டூட்டி

நியூசிலாந்தில் நான் குடியிருக்கும் தெருவில் குப்பைத் தொட்டிக்கும் முறை உண்டு. ஒரு வாரம் மஞ்சள் மூடி, மறுவாரம் சிவப்பு மூடி. இந்தக் கணக்கு எனக்குப் பிடிபட ஆறு மாதம் ஆயிற்று. அதுவரை எதிர்வீட்டு பிரையன்தான் என்னைக் காப்பாற்றினார். ஐம்பது வயதிருக்கும், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர். நான் தவறான தொட்டியை உருட்டிக்கொண்டு வந்தால் வெறுங்காலோடு தெருவைக் கடந்து வந்து, தலையை ஆட்டிவிட்டு, அதைத் திரும்ப உள்ளே தள்ளிவிட்டுப் போவார். அந்த வீட்டில் அவரையும் சேர்த்து அவரைப் போல நான்கு பேர், மாறி மாறி வந்துபோகும் உதவியாளர்கள் இரண்டு பேர். "உங்கள் குடும்பம் எங்கே?" என்று ஒருநாள் கேட்டேன். "உள்ளே. ரக்பி பார்க்கிறார்கள்" என்றார். அப்பா அம்மாவைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது கூட இருக்கும் மூன்று பேரை என்று பிறகுதான் புரிந்தது. "உங்களை யார் கவனித்துக்கொள்கிறார்கள்?" என்றேன், குரலில் கொஞ்சம் பரிதாபத்தோடு. அவர் நான் உருட்டி வந்த சிவப்பு மூடித் தொட்டியைப் பார்த்தார்; அது மஞ்சள் மூடி வாரம். "உன்னை யார் கவனித்துக்கொள்கிறார்கள்?" என்றார்.

அன்று முழுக்க எனக்கு மேரியக்கா நினைவுதான். என்னைவிட நான்கு வயது மூத்தவள். பிறவியிலேயே மூளை வளர்ச்சி குறைவு. மணி பார்க்கத் தெரியாது, எழுத்து தெரியாது. ஆனால் தேவாலயத்தில் பாடும் பாட்டுகள் அத்தனையும் அடி தவறாமல் வரும். அப்பா கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பாலையில் ஷிப்டு வேலை பார்த்தவர். அவர் இறந்த பிறகு அம்மாவும் அக்காவும்தான் வீட்டில். நாற்பத்தொரு வயது மகளுக்கு அம்மாதான் தலை வாருவாள், சோறு பிசைந்து கொடுப்பாள். அடுப்புப் பக்கம் விடவே மாட்டாள். பாசம்தான். ஆனால் அந்தப் பாசத்தில் அக்காவுக்குச் செய்ய ஒரு வேலையும் மிச்சமில்லை.

ஒருநாள் காலை அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். அக்காவுக்கு யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. ஈரத்தரையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த பாட்டையெல்லாம் பாடியிருக்கிறாள். தினம் பூ கொடுக்க வரும் பெண், உள்ளே பாட்டு நிற்காமல் கேட்கிறதே என்று எட்டிப் பார்த்ததால்தான் விஷயம் வெளியே தெரிந்தது. இடுப்பு எலும்பு தப்பியது. ஆனால் அதற்குப் பிறகு அம்மா போனில் ஒன்றையேதான் கேட்டாள்: "எனக்கப்புறம் இவள யாருடா பாத்துப்பா?"

"நான் கூட்டிக்கினு வந்துடறேம்மா" என்றேன். விசா கிடைக்குமா என்று யோசிக்கும் முன்பே அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டாள். "உங்க ஊர்ல குளுரு. நான் வரல" என்றாள். அத்தோடு அது முடிந்தது.

மணவாள நகரில் பிரையனின் வீட்டைப் போல ஒரு வீடு இருப்பதை எங்கள் போதகர்தான் சொன்னார். அக்காவைப் போல ஐந்து பெண்கள், கூடவே தங்கும் இரண்டு உதவியாளர்கள், ஒரு மாடி வீடு. நான் ஒரு மாத விடுப்பில் வந்தேன். பேச்சை எடுத்ததும் அம்மா கொதித்துப்போனாள். "பெத்தவ உசுரோட இருக்கச்சொல்ல எதுக்குடா ஹோமு? வெளிநாடு போனவன் அக்காவ கொண்டுபோய்த் தள்ளிட்டான்னு ஊரு பேசாது?" பேசியது. என் மாமா அதையேதான் சொன்னார். எனக்கும் உள்ளே குத்தியது. விட்டுவிட்டுப் போனவன் நான்தானே? கடைசியில் அம்மா ஒன்று சொன்னாள்: "அவளக் கேளு. அவ வேணான்னா வேணாம்."

நாற்பத்தொரு வருடத்தில் அக்காவிடம் யாரும் கேட்ட முதல் பெரிய கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். அவள் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அங்க டிவி கீதா?" என்றாள்.

பெரியபாளையம் வழியாகப் பஸ்ஸில் போய், ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும் என்று விட்டு வந்தோம். அங்கே பொறுப்பில் இருந்த கௌரி, "தெனம் நாங்களே போன் பண்றோம்மா, நீங்க பயப்படாதீங்க" என்றார். அம்மா போனை மடியிலேயே வைத்துக்கொண்டு மகள் அழுவதற்காகக் காத்திருந்தாள். அவள் அழவில்லை. மூன்றாம் நாள் ஒரு புகார் வந்தது. "அந்த சரசு என் சோப்ப எடுத்துக்கினா. நான் வுடல. சண்ட போட்டேன்." அம்மா பதறினாள். எனக்கோ சிரிப்பு தாங்கவில்லை. அக்காவுக்குச் சண்டை போட வாழ்க்கையில் ஆளே கிடைத்ததில்லை.

ஏழாம் நாள் அழைத்து வரப் போனோம். எங்களை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அக்கா சமையலறைக்குள் போனாள். அம்மா எழுந்து பின்னாலேயே ஓடப்பார்த்தாள்; கௌரி மெல்லக் கையைப் பிடித்து நிறுத்தினார். உள்ளே டம்ளர் விழும் சத்தம். பிறகு கௌரியின் உதவியாளர் ஒருத்தி பக்கத்தில் நடக்க, அக்கா இரண்டு கைகளாலும் தட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பாதி டீ தட்டில்தான் இருந்தது. அம்மா டம்ளரை வாங்கி வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்ற மகள் கையால் வாங்கும் முதல் டீ.

"இன்னாம்மா பாக்கற? சூடா கீது, ஊதிக் குடி" என்றாள் அக்கா.

அம்மா ஊதினாள். கண்ணீர் வழிந்தது. "சக்கர தூக்கலா போட்டுக்கறடி" என்றாள் மூக்கை உறிஞ்சியபடி.

"போலாமா?" என்றேன் நான். அக்கா என்னை ஏதோ பேஜார் பிடித்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "நாளைக்கு எனக்கு டீ டூட்டி. அடுத்த வாரம் வா."

திரும்பும் பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முகத்தை வெளியே திருப்பிக்கொண்டிருந்தாள். தவறு செய்துவிட்டோமோ என்று நினைத்தேன். பெரியபாளையம் தாண்டியதும் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்து திரும்பினால், சிரித்துக்கொண்டிருந்தாள். "அப்பன மாரியே பேசறா பாரு. டூட்டியாம்! பண்டிகைக்கு ஊருக்குப் போலாம்னா அவரும் இதத்தான் சொல்லுவாரு."

நியூசிலாந்தில் பக்கத்து வீட்டுக்குப் போவதற்கும் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். மணவாள நகரில் அந்த வீடு தொடங்கிய முதல் நாளே எதிர்வீட்டம்மா உள்ளே வந்து, "இன்னா இது, ஆசுபத்திரியா?" என்று ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்தாராம். இன்று அந்த அம்மா வீட்டுக் கறிவேப்பிலைதான் இவர்கள் குழம்பில் விழுகிறது. இரண்டு ஊரும் எனக்கு வேண்டும் என்று தோன்றுவது இம்மாதிரி நேரங்களில்தான். அம்மாவும் மாறிவிட்டாள். மாதத்தில் இரண்டு ஞாயிறு அக்கா கும்மிடிப்பூண்டிக்கு வருகிறாள். மற்ற நாட்களில் அம்மா தேவாலயப் பெண்களோடு ரயிலேறி எங்காவது போய்விடுகிறாள். நான் போன் செய்தால் எடுப்பதில்லை.

இந்த முறை விடுப்பில் வந்ததும் நேராக மணவாள நகர்தான் போனேன். வாசல் மேசையில் புதிதாக ஒரு நோட்டு வைத்திருந்தார்கள், வருகிறவர்கள் எழுத. பெயர், யாரைப் பார்க்க, உறவுமுறை எல்லாம் எழுதிவிட்டேன். அடுத்த கட்டம் ஊர். பேனா நின்றுவிட்டது. பெட்டியில் விமான நிலையச் சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது. கும்மிடிப்பூண்டி வீட்டில் என் அறையில் இப்போது அம்மாவின் தையல் மிஷின்.

"டேவிட்டு, டீ ஆறுது. இன்னாத்த எழுதிக்கினே கீற?" என்று உள்ளிருந்து அக்கா கத்தினாள்.

"எந்த ஊருன்னு கேட்டுக்கீறாங்கக்கா."

அவள் வெளியே வந்தாள். படிக்கத் தெரியாவிட்டாலும் நோட்டைக் குனிந்து பார்த்தாள். காலியாக இருந்த கட்டத்தில் விரலை வைத்தாள். "மணவாள நகருன்னு போடு. இப்ப இங்கதான கீற?"

அப்படியே எழுதினேன். வந்த நேரம், நாலேகால். பக்கத்தில் போகும் நேரம் என்று இன்னொரு கட்டம் இருந்தது. அதை விட்டுவிட்டு உள்ளே போனேன்.