காப்புக் கட்டிய கை

புதுக்கோட்டையில் வக்கீல் குமாஸ்தா நான். ஆலங்குடிப் பக்கமிருந்து வந்த அந்தப் பெரியவர், பேசும்போதெல்லாம் வலது மணிக்கட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். அவர் மகனின் ஆயுள் தண்டனையை ஹைகோர்ட்டும் உறுதிசெய்துவிட்டது. சுப்ரீம் கோர்ட்டுக்குப் போகும் கெடு முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

"ஏன் லேட்டுன்னு மனுவுல காரணம் சொல்லணுங்க."

"ஊர்த் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தேன். கட்டிட்டா எல்லை தாண்டக் கூடாதுங்களே."

"ஒடம்பு சரியில்லைன்னு போட்டுரவா?"

"பொய் வேணாங்க. அவன் வெளிய வரணும்னு வேண்டித்தான் கட்டுனேன். அப்புடியே எழுதுங்க."

எழுதினேன். எழுந்தவர் வாசலில் நின்று திரும்பினார்.

"என்னாலதான் கெடு போச்சுன்னு மகனுக்கு மட்டும் தெரியக் கூடாதுங்க."

மனு மகன் பெயரில்தான் போகும். சிறையில் அவன் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் தெருவில் இறங்கிய பிறகுதான் அதைச் சிறைக்கு அனுப்பும் உறையில் போட்டேன்.